கிளி அக்காவும் நானும்

நான் வேலை பார்த்த ஊரின் அங்கன்வாடிக்குப் போன மாதம் சுவரில் மாட்டுகிற பெரிய டிவி ஒன்று வந்திருக்கிறது. இப்போது அங்கே இருக்கிற பெண் நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள். பெரம்பலூர் கடைவீதியில் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே நமக்கு வேலை சுலபம் டீச்சர். பாட்டு, கதை எல்லாம் டிவியே சொல்லிடுது. புள்ளைங்க கம்முனு ஒக்காந்து பாக்குதுங்க. ஒங்க காலத்துல டிவியே இல்லாம எப்படித்தான் சமாளிச்சீங்களோ!”

“எங்க காலத்துலயும் டிவி இருந்துச்சும்மா. அதைத்தான் சமாளிக்க முடியல” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டாள். எனக்கோ வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது. பழைய எரிச்சல். அணைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் ஊதிவிட்டுப் போய்விட்டாள்.

பொறாமைதான். ஆதங்கம், மனக்குறை என்று நாகரிகமாகப் பெயர் வைக்கலாம். எனக்கு வைக்க மனமில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க எத்தனையோ டீச்சர்களோடு பழகியிருக்கிறேன். ஒருத்தியின் சேலையைப் பார்த்தோ மாற்றல் உத்தரவைப் பார்த்தோ நான் பொருமியதில்லை. நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தி மேல். அவளை நான் நேரில் பார்த்ததே கிடையாது.

எழுபதுகளில் பால்வாடி டீச்சராகச் சேர்ந்தேன். திருச்சிப் பக்கம் பயிற்சி. பாட்டு, பொம்மை செய்வது, பிள்ளைகளை எடை போடுவது, அம்மைப்பால் குத்த வருகிறவர்களுக்கு உதவுவது என்று அரைத்து ஊற்றி அனுப்பினார்கள். குன்னத்துக்குத் தெற்கே ஒரு பருத்திக்காட்டு ஊரில் வேலை போட்டார்கள். அங்கேயே வீடு பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை.

ஓட்டுக் கூரை போட்ட ஒரே கூடம்தான் பால்வாடி. காலையில் நான் போவதற்குள் உதவியாளர் தங்கம் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். பிள்ளைகள் வந்ததும் நகம் பார்ப்பேன், தலை பார்ப்பேன். சளி ஒழுகுகிற மூக்குகளைத் துடைத்துவிட்டுத்தான் பாட்டு. வெயில் ஏறுவதற்குள் வட்டமாக உட்கார வைத்துப் பை விளையாட்டு. அது நானாக யோசித்த விளையாட்டு. ஒரு துணிப்பைக்குள் வெங்காயம், வெடிக்காத பருத்திக் காய், சோளக்கதிர், புளியங்கொட்டை எல்லாம் கிடக்கும். பிள்ளை உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, வெளியே எடுக்காமலே பெயர் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டுப் பொருள் ஒன்றாவது பைக்குள் இருக்க வேண்டும் என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி. அதற்காகவே வீடு வீடாகப் போய் வாங்கி வருவேன். ஆடு மேய்க்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டுக் கழுத்து மணி. தையற்காரர் பிள்ளைக்கு நூல்கண்டு. தன் வீட்டுப் பொருள் கையில் பட்டதும் அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வேலையில் இருந்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. செருப்பைக் கழற்றிப் பிள்ளைகளின் செருப்பு வரிசையிலேயே விடுவார். குடையைக் கதவு மூலையில் சாய்ப்பார். மற்ற ஊர் அதிகாரிகள் மாதிரி பதிவேட்டைக் கேட்கமாட்டார். நேரே தண்ணீர்ப் பானைக்குப் போவார். டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்ப்பார். பிறகு பிள்ளைகளோடு பாயில் கடைசி ஆளாக உட்கார்ந்துகொள்வார். நாம் பாடம் நடத்த வேண்டும். குரலை உயர்த்தித் திட்டி நான் கேட்டதில்லை. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் ஒரே ஒரு கேள்விதான்: “இது இப்படித்தான் இருக்கணுமா டீச்சர்?” அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்த டீச்சர்கள் எங்கள் பஞ்சாயத்து யூனியனில் உண்டு. நானும் கிடந்திருக்கிறேன்.

என் மகள் செல்வி பால்வாடிக்கு வரும் வயது வந்தபோது அவர் ஒரு விதி போட்டார். “இந்த வாசப்படிக்கு உள்ள அது ஒங்க புள்ள இல்ல. அம்மான்னு கூப்பிடக் கூடாது. மடியில வச்சுக்கக் கூடாது. மத்த புள்ளைங்களுக்கு மனசு கஷ்டப்படும்.” நியாயம்தான். செல்வியும் என்னை “டீச்சர்” என்றாள். வரிசையில் நின்று சத்துமாவு உருண்டை வாங்கினாள். நான் அவள் பெயரை மற்ற பிள்ளைகள் பெயரைவிடக் குறைவாகவே சொல்வேன். சாயங்காலம் வீடு வந்ததும் அடுப்பு, தண்ணீர், துணி துவைப்பு. அவளோடு உட்கார்ந்து பேச நேரம் இருந்ததாக ஞாபகமே இல்லை. அவளுக்கு நான் பால்வாடியிலும் கிடைக்கவில்லை, வீட்டிலும் கிடைக்கவில்லை.

அப்படி இருந்த வீட்டுக்குள்தான் அவள் வந்தாள்.

கொடைக்கானலில் டவர் போட்ட பிறகு எங்கள் ஊருக்கும் படம் எடுக்கும் என்று சொல்லிப் பஞ்சாயத்து அறையில் ஒரு டிவி வைத்தார்கள். தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு அதன் உச்சியில் ஆன்டெனா. காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். டிவியைப் பார்த்துக்கொள்கிற பஞ்சாயத்து ஆபரேட்டர் கூரை மேல் நின்று திருப்ப, கீழே கூட்டம் “வருது, வருது, போச்சு” என்று கத்தும். வாரம் ஒரு நாள் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாட நிகழ்ச்சி. ஒரு பெண், கையில் ஒரு கிளிப் பொம்மை. எண், எழுத்து, மழை எப்படிப் பெய்கிறது, பல் ஏன் விளக்க வேண்டும், எல்லாம் அந்தக் கிளி கேட்கும். அவள் சொல்லுவாள். ஊர்ப் பிள்ளைகள் அவளுக்குக் கிளி அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்ட் இருக்கும் வாரங்களில், வந்து முகம் கழுவியதும் கண்ணனையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கண்ணன் மூத்தவன், மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் இருப்பேன். திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே குரலில் பேசிக்கொண்டு வருவார்கள். வாசலிலேயே தெரிந்துவிடும், அது நான் இல்லாத ஒரு குடும்பம் என்று.

“அம்மா, கிளி அக்கா சொன்னாங்க, சாப்பிடறப்ப பேசக் கூடாதாம்.”

இதை நான் அவர்களுக்கு எத்தனை காலமாகச் சொல்லியிருப்பேன்!

“அந்தப் பொண்ணு பேசறது எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா?” என்பார் இவர், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே. “அதப் பாத்தாத்தான் ஒன் வேலை எவ்வளவு சுலபம்னு தெரியுது.”

அன்று ரசம் ஊற்றாமலே எழுந்து போய்விட்டேன்.

ஆள் எப்படி இருப்பாள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. படம் அந்த லட்சணத்தில்தான் வரும். முகத்தில் எப்போதும் புள்ளி புள்ளியாக மழை. “அழகாத்தான் இருப்பாங்க” என்று தங்கம்கூடச் சொன்னாள். முகம் தெரியாமலே அழகி! என் முகம் தெரிகிறது, அதுதான் என் குற்றம். சின்ன வயதில் அம்மை வார்த்ததில் இடது புருவத்துக்கு மேலே ஒரு குழித் தழும்பு வேறு. அவளுக்கு மூக்குத் துடைக்கிற வேலை இல்லை. மடியில் ஒண்ணுக்குப் போகிற பிள்ளை இல்லை. அரிசியில் கல் பொறுக்க வேண்டாம். வாரம் ஒரு தடவை வந்து சிரித்துவிட்டுப் போனால் போதும். அப்படிச் சிரிக்க எனக்கு மட்டும் தெரியாதா?

ஒரு நாள் கண்ணன் ஓடி வந்தான். “அம்மா, இன்னைக்குக் கிளி அக்கா ஒரு வெளையாட்டு காமிச்சாங்க. பைக்குள்ள கைய விட்டுப் பாக்காமலே என்னன்னு சொல்லணும். எப்படி யோசிச்சிருக்காங்க பாரேன்!”

என் பை அவனுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவனே அதில் கைவிட்டு வளர்ந்த பிள்ளை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொன்னால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது.

அந்த வருஷம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேருக்குப் போனோம். அவரவர் காட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து கோயிலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே கடைக்காரன் ஒருவன் “டிவி கிளி, டிவி கிளி” என்று கூவிப் பச்சைப் பிளாஸ்டிக் கிளி விற்றான். என் பிள்ளைகள் வேறு எந்தச் சாமானையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சந்நிதியில் நின்று மனதாரக் கேட்டேன்: “பெருமாளே, அந்தப் பெட்டி ரிப்பேர் ஆகட்டும்.” எல்லாரும் விளைச்சல் கேட்கிற சாமியிடம் நான் அதைத்தான் கேட்டேன்.

பெருமாளும் காதில் வாங்கிக்கொண்டார். அடுத்து வந்த காற்றில் ஆன்டெனாக் குழாய் சாய்ந்து படம் நின்றுபோனது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு வடை சுட்டேன். வடையைத் தட்டில் போட்டுக்கொண்டு பிள்ளைகளைத் தேடினால் காணோம். பஞ்சாயத்து அறையில் இருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதே நேரத்துக்கு வந்து, படம் தெரியாத பெட்டிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செல்வி முதல் வரிசை. வடை ஆறிப்போயிற்று.

குழாயை மறுபடி நட்டார்கள். இந்தச் சமயத்தில்தான் வள்ளி விஷயம் வந்தது.

வள்ளி பருத்தி எடுக்கப் போகிற ஒரு அம்மாவின் ஒரே பெண். நாலு வயது இருக்கும். பால்வாடியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஊமை இல்லை. “வூட்டுல வாய் ஓயாது டீச்சர், காது புளிச்சுப் போவும்” என்பாள் அவள் அம்மா. எங்கள் வாசற்படியைத் தாண்டினால் உதட்டைக் கடித்துக்கொள்ளும். தண்ணீர் வேண்டுமென்றால் பானைப் பக்கத்தில் போய் நிற்கும். அடிபட்டால் சத்தமில்லாமல் அழும்.

நான் எல்லாம் செய்து பார்த்தேன். கொஞ்சினேன். மிரட்டினேன். பாட்டில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னேன். அவர் பாயில் உட்கார்ந்து வள்ளியைப் பார்க்காத மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

“இனிமே அந்தப் புள்ளகிட்ட கேள்வியே கேக்காதீங்க. பதில் சொல்ல வேண்டிய அவசியம் வராமப் பாத்துக்குங்க. தட்டு எடுத்துக் குடுக்கற வேலைய அதுகிட்ட விடுங்க. பேசுச்சா பேசுச்சான்னு யாரும் விசாரிக்கவும் கூடாது.”

அப்படியே செய்தேன். கேள்வி கேட்காமல் இருப்பதுபோல் கஷ்டமான வேலை ஒரு டீச்சருக்கு இல்லை. வள்ளி தட்டு எடுத்து வைத்தாள். பையில் கைவிட்டுப் பொருளைத் தடவிப் பார்த்துவிட்டு, பெயர் சொல்லாமல் என்னிடம் தந்தாள். நான் வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். அவள் அம்மா வீட்டு வேலியில் படர்ந்திருந்த கோவைக் கொடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துவந்து பைக்குள் போட்டு வைத்தேன். அது கையில் பட்டபோது வள்ளியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் அசைந்தது. நான் அன்று கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தேன். இன்னும் கொஞ்ச நாள், வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே நடந்தது. பஞ்சாயத்து அறையில், டிவியில் கிளி கேட்டதாம்: “நான் என்ன பழம் சாப்பிடுவேன், சொல்லுங்கள் பார்க்கலாம்?” கூட்டத்தின் நடுவிலிருந்து வள்ளி எழுந்து நின்று, “கோவப்பழம்!” என்று கத்தியிருக்கிறாள்.

ஊரே திரும்பிப் பார்த்தது. ஆபரேட்டர் போகிற இடமெல்லாம் சொன்னான். மறுநாள் காலையில் வள்ளியின் அம்மா கண் கலங்கிப்போய் வந்தாள்.

“அந்த டிவி அம்மா எம்புள்ளய பேச வச்சிட்டாங்க டீச்சர். அவங்க நல்லா இருக்கணும்.”

“நல்லா இருக்கட்டும்” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை அது. கோவைப்பழத்தைப் பறித்து வந்தவள் நான். வாய் திறக்கிற இடம்வரை அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். கதவைத் தட்டியவள் மட்டும் எங்கோ மெட்ராஸில் இருக்கிறாள். பால்வாடிக்குள் வள்ளி அன்றும் பேசவில்லை.

மாதக் கூட்டம் யூனியன் ஆபீஸில் நடந்தது. அங்கேயும் கிளி அக்கா பெயர்தான். முந்தைய கூட்டத்திலேயே சூப்பர்வைசர் அம்மா, “அந்தப் பொண்ணு புள்ளைங்க கண்ணப் பாத்துப் பேசுது, நீங்க எல்லாம் சுவத்தப் பாத்துப் பேசறீங்க” என்று சொல்லியிருந்தார். காமிராவைப் பார்க்கிறவளுக்குக் கண்ணைப் பார்க்கிறாள் என்ற பெயர்! கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, என்னை மட்டும் நிற்கச் சொன்னார்.

“வள்ளி ஏன் அங்க பேசுச்சு, இங்க பேசல?”

“அங்க கிளி இருக்கு” என்றேன். குரலில் இருந்த காரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

“அப்புறம்?”

“பெட்டி இருக்கு.”

“ஆங். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறவங்களால புள்ளயப் பாக்க முடியாது. அதுக்குத் தெரியுது. தன்னை யாரும் பாக்கலன்னா அது பேசும். நீங்க ஆசையா அது வாயையே பாக்கறீங்க டீச்சர்.” குடையை எடுத்துக்கொண்டே கேட்டார்: “அது இப்படித்தான் இருக்கணுமா?”

போன மாதம் கண்ணைப் பார் என்றவர் இந்த மாதம் பார்க்காதே என்கிறார். பஸ்ஸில் வரும் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஊர் வந்து இறங்கும்போது ஒரு முடிவோடு இறங்கினேன். அதில் வள்ளி மேல் இருந்த அக்கறை பாதிதான். மீதிப் பாதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

மளிகைக் கடையில் சோப்பு வந்த பெரிய அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். முன்பக்கம் சதுரமாக வெட்டி, கீழே இரண்டு சோடா மூடியை ஒட்டித் திருகு வைத்தேன். கிளிக்குப் பச்சைத் துணி வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பச்சை என் கல்யாண ரவிக்கை. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்டினேன். உள்ளே வள்ளியின் அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்த பருத்தியை அடைத்தேன். மூக்குக்குக் காய்ந்த மிளகாய். இவர் ஷிப்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “கல்யாண ரவிக்கையவா வெட்டுன?” என்றார். “ஆமா, அவ கிளிய விட என் கிளி பட்டு” என்றேன்.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன்னால், தங்கம் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னாள். அந்த இடைவெளியில் நான் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, பெஞ்சின் மேல் வைத்த பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தழும்பு மட்டும் பவுடருக்கு அடங்கவில்லை. கண்ணைத் திறந்ததும் பிள்ளைகளிடம் மூச்சில்லை. நான் எந்தப் பிள்ளையையும் பார்க்கவில்லை. தலைகளுக்கு மேலே வாசலையே பார்த்துக்கொண்டு, மெட்ராஸ்காரி மாதிரி தமிழைத் துலக்கிப் பேசினேன்.

“வணக்கம் குழந்தைகளே! எல்லோரும் நலமா? செல்வி, பல் துலக்கினாயா?”

என் மகள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெயரைத்தான் ஏன் முதலில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசற்படிக்கு உள்ளே அவளைத் தனியாகக் கூப்பிட எனக்கு அனுமதி கிடையாது. பெட்டிக்கு அந்த விதி இல்லை என்று எண்ணிக்கொண்டேனோ என்னவோ. அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொன்னேன். வள்ளியை மட்டும் விட்டுவிட்டேன். கடைசியாகக் கிளியைத் தூக்கி, “எனக்குப் பசிக்கிறதே! கோவைப்பழம் எங்கே கிடைக்கும்?” என்று பொதுவாகக் கேட்டேன்.

அப்போதுதான் வாசலில் குடை தெரிந்தது. சூப்பர்வைசர் அம்மா.

பவுடர் முகம், சோப்புப் பெட்டிக்குள் தலை, கையில் மிளகாய் மூக்குக் கிளி. எழுந்துவிடலாம் என்று பெஞ்சைப் பிடித்தேன். அதே நேரத்தில் பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல். கொஞ்சம் கரகரப்பு.

“எங்க வூட்டு வேலியில நெறய கெடக்கு.”

நான் எழவில்லை. பாயைப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் போய்விடும். வாசலில் நின்ற சூப்பர்வைசர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, “அப்படியா? யார் எனக்குக் கொண்டு வருவார்கள்?” என்றேன்.

“நான் கொண்டாரேன். நாளைக்கு இங்கயே இரு. எங்க டீச்சர்ட்ட சொல்லிட்டு இரு, இல்லாட்டித் திட்டுவாங்க.”

சூப்பர்வைசர் அம்மா உள்ளே வரவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். வள்ளி பேசிக்கொண்டே இருந்தாள். கோவைப்பழம், அம்மாவின் மூட்டை, வீட்டில் குட்டி போட்ட ஆடு என்று அதுவரை சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் என் ரவிக்கைக் கிளியிடம் கொட்டினாள். நான் பார்க்காத பக்கமிருந்து அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. பவுடர் கண்ணீரில் கரைந்து கன்னத்தில் கோடு போட்டது.

பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். பானைப் பக்கம் போகவில்லை. பெட்டியின் சோடா மூடியைத் திருகிப் பார்த்தார்.

“சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வைங்க டீச்சர். ரோடு வரைக்கும் கேக்குது.”

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். என் வேலைக்காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பாருங்கள், மறுநாள் காலையில் வள்ளியின் அம்மா கோவைப்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வந்ததும் கூடத்தை எட்டி எட்டிப் பார்த்தாள்.

“டிவி அம்மா நேத்து இங்க வந்தாங்களாமே! வள்ளி சொல்லுச்சு. சொல்லியிருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருப்பேன்ல?”

தங்கம் சிரிப்பை அடக்க முடியாமல் பின்பக்கம் ஓடினாள். நான் பழத்தை வாங்கிக்கொண்டு, “சொல்றேன்” என்றேன். என் ரவிக்கை போயிற்று, என் மானம் சோப்புப் பெட்டிக்குள் போயிற்று, பெயர் அவளுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் வள்ளி கிளி இல்லாமலே என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். பெட்டியைக் கரையான் அரிக்கும்வரை பிள்ளைகள் விடவில்லை. அதன் பிறகு நான் அந்த வேஷம் கட்டவில்லை. பிறகு எனக்கு எத்தனையோ வேலை, எத்தனையோ பிள்ளைகள். எரிச்சல் மட்டும் அடியில் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் வள்ளி இல்லை. என் சொந்தப் பிள்ளைகள்.

கண்ணனும் செல்வியும் ஒன்று சேர்ந்தால் இன்றைக்கும் கிளி அக்கா பேச்சு வந்துவிடும். அவளால்தான் படிப்பில் ஆசை வந்தது என்பான் அவன். அவள்தான் தன் முதல் டீச்சர் என்பாள் இவள். செல்வியின் முதல் டீச்சர் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

கடைவீதியில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த வாரம் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அங்கன்வாடிக்கு டிவி வந்த செய்தியை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். போதாதா?

“அண்ணா, கிளி அக்கா நம்ம பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடுவாங்களே, ஞாபகம் இருக்கா?” என்றாள் செல்வி.

கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “மெட்ராஸ்ல ஒக்காந்துகிட்டு ஒன் பேர சொன்னாங்களா? போடி!”

“சொன்னாங்க! ‘செல்வி, பல் துலக்கினாயா’ன்னு கேட்டாங்க. நான் வெளக்கல. வாயப் பொத்திக்கிட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

என் கையிலிருந்த கத்தி நின்றது.

“அந்த டிவில மொகமே தெரியாது, வெறும் புள்ளியாக் கொட்டும். நீ கனவு கண்டிருப்ப” என்றான் அவன்.

“ஒனக்குத் தெரியாம இருந்திருக்கும். எனக்குக் கண்ண மூடுனா இப்பவும் தெரியுது. மொகம் பூரா பவுடர். இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. ஒரு நாள் அழுதுகூட இருக்காங்க. எதுக்குன்னு தெரியல, ஆனா சிரிச்சுக்கிட்டே அழுதாங்க.”

கண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். என் கண்ணாடிக்கு மேலே, சுருக்கங்களுக்கு நடுவே, அவன் கண் எதையோ தேடியது. இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டான். வாயைத் திறக்கப் போனவனைப் பார்வையாலேயே அடக்கினேன். செல்வி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை.

“அவங்க மாதிரி ஒருத்தர நான் அப்புறம் பாக்கவே இல்லம்மா” என்றாள்.

பழக்க தோஷம், அப்போதும் எனக்கு வயிறு ஒரு தடவை எரிந்தது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“வேற என்னல்லாம் பண்ணாங்க அந்த அக்கா?” என்றேன். “மெதுவாச் சொல்லு. எனக்கு ஒரு வேலையும் இல்ல.”